லோஞ்சு ஏறும் நாளில் தண்ணீர் குடிப்பதில்லை

பாலையூற்று,
திருகோணமலை.
10.05.1998

அன்புள்ள அக்கா,

சுகம் விசாரித்து இரண்டு வரி எழுதிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். ஆனால் என் மனம் சுகமாக இல்லாதபோது அப்படி எழுதினால் அது பொய். ஆகவே நேரே வருகிறேன்.

வெள்ளிக்கிழமை உறுதிப் பத்திரத்தை எழுதி வைத்துக்கொண்டு நொத்தாரிசு சோமசேகரம் தன் கந்தோரில் உங்களுக்காக மத்தியானம் வரை காத்திருந்தார். நானும் வதனியும் அங்கே இருந்தோம். வதனியின் அப்பா இறங்குதுறையில் நின்று, மூதூர் லோஞ்சில் கடல் கடந்து வந்த சனம் எல்லாம் இறங்கிப் போகும்வரை பார்த்துவிட்டுத் தனியே வந்தார். இது இரண்டாம் தரம். போன தரம் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினீர்கள். இந்தத் தரம் ஒரு சொல்லும் இல்லை. நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "தங்கச்சி, அக்காவுக்கு மனம் இருக்கோ எண்டு முதலில கேட்டுப் பாருங்கோ" என்றார். வெட்கத்தில் நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

இந்த வீடு அம்மா நம் இருவர் பேரிலும் எழுதிய வீடு. உங்கள் பாதியை வதனிக்குச் சீதனமாகத் தருகிறேன் என்று நீங்களாகத்தான் சொன்னீர்கள். நான் வாய் திறந்து கேட்கவில்லை. அதை நம்பித்தான் நிலாவெளிச் சம்பந்தத்துக்கு ஓம் என்றோம். மாப்பிள்ளையின் தகப்பன் அருளம்பலத்தார் நல்ல மனிதர்தான். ஆனால் உறுதி கையில் வந்த பிறகுதான் தாலிக்குப் பொன்னுருக்க நாள் பார்ப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். ஆவணி தப்பினால் இந்தச் சம்பந்தமும் தப்பிவிடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. வதனி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை.

உங்கள் சிநேகிதி ஜெஸீமா டீச்சர் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறா. தபாலை நம்பாமல் இதை அவவிடம் கொடுத்துவிடுகிறேன். எந்த நாள் வருவீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள் தங்கச்சி
கமலாதேவி


சேனையூர்,
மூதூர்.
19.05.1998

கமலா,

உன் கடிதம் கிடைத்தது. நான் மாட்டேன் என்று எங்கேயும் சொல்லவில்லை. சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் எனக்கு இல்லை. நாற்பது வருஷமாக என்னைத் தெரிந்தவள் அதை நொத்தாரிசுக்குச் சொல்லியிருக்கலாம்.

இங்கே பரீட்சை வருகிறது. பத்தாம் வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்க என்னை விட்டால் ஆள் இல்லை. லோஞ்சு ஒரு நாள் ஓடினால் ஒரு நாள் ஓடுவதில்லை. உடம்பும் அவ்வளவு சரியில்லை. பயப்பட ஒன்றும் இல்லை, வயதுக்கு வருகிற உபத்திரவம்தான்.

ஒரு வழி இருக்கிறது. எனக்குப் பதிலாகக் கையொப்பம் வைக்க உன் புருஷனுக்கு அற்றோணித் தத்துவம் எழுதித் தருகிறேன். அதை மூதூரிலேயே செய்து அனுப்பலாம். நான் அங்கே வரத் தேவையில்லை. சோமசேகரத்தாரிடம் கேட்டு எழுது.

வதனியைச் சாப்பிடச் சொல்.

ராசமலர்


பாலையூற்று,
திருகோணமலை.
01.06.1998

அக்கா,

அற்றோணித் தத்துவத்துக்கு நொத்தாரிசு சரி என்றார். அருளம்பலத்தார் சரி என்று சொல்லவில்லை. இவர் நிலாவெளிக்குப் போய்க் கதைத்தபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மூதூர் என்ன லண்டனிலயோ கிடக்கு? லோஞ்சில ஏறி வந்து ஒரு கையெழுத்து வைக்க ஏலாத மனிசி, நாளைக்கு வந்து என்ர பாதி எண்டு வழக்கு வைக்க மாட்டாவோ?" இவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்திருக்கிறார்.

அவரைச் சொல்லி என்ன? எனக்கே இப்போது அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. மார்ச் மாதம் கல்விக் கந்தோர் அலுவலாக வந்த அன்று நம் வீட்டுக்கும் வந்தீர்களே, அதை நினைத்துப் பாருங்கள். கதிரையின் விளிம்பில் குந்தியிருந்தீர்கள். வதனி தேத்தண்ணி கொண்டுவந்தாள், வேண்டாம் என்றீர்கள். சோறு வேண்டாம். சரி, ஒரு மிடறு தண்ணீராவது குடியுங்கள் என்று செம்பை நீட்டினேன். அதையும் கையால் தள்ளினீர்கள். விரதம் என்றீர்கள். நீங்கள் போன பிறகு கலண்டரைப் பார்த்தேன். அன்றைக்கு ஒரு விரதமும் இல்லை. பகையாளி வீட்டில்தான் தண்ணீர் தொடாமல் எழும்பிப் போவார்கள். கூடப்பிறந்தவள் வீட்டில் யாராவது அப்படிச் செய்வார்களா? அதோடு, இருந்த கொஞ்ச நேரத்துக்குள் இரண்டு மூன்று தரம் கிணற்றடிப் பக்கம் போய்ப் போய் வந்தீர்கள். "அக்கா வளவை அளக்கிறாவோ?" என்று இவர் கேட்டார். அன்றைக்கு அவரோடு சண்டை பிடித்தேன். இப்போது சண்டை பிடிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

உங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. அந்தப் பாதி வீட்டை வைத்திருந்து யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்? மனதில் என்ன இருக்கிறதென்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் நான் நிலாவெளிக்குப் போய் வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

கமலாதேவி


சேனையூர்,
மூதூர்.
12.06.1998

கமலா,

இந்தக் கடிதத்தை உன் புருஷனுக்குக் காட்டாதே. வதனி வாசிக்கலாம், அவளுக்கும் ஒரு நாள் தேவைப்படும். கையில் கொடுத்துவிடும் கடிதங்களைச் சோதனைச் சாவடியில் பிரித்துப் பார்க்கிறார்கள். அதை நினைத்துத்தான் இவ்வளவு நாளும் ஒன்றும் எழுதாமல் இருந்தேன். இனி வாசிக்கிறவன் வாசிக்கட்டும். வாசித்தால் அவனுக்கும் கொஞ்சம் அறிவு வரும்.

நீ தண்ணீரில் தொடங்கினாய், நானும் அதிலேயே தொடங்குகிறேன். லோஞ்சு ஏறும் நாளில் நான் தண்ணீர் குடிப்பதில்லை. முதல் நாள் பின்னேரமே நிறுத்திவிடுவேன். உன் வீட்டில் மட்டுமல்ல, எந்த வீட்டிலும் குடிப்பதில்லை. தீட்டு நின்று இரண்டு வருஷமாகிறது. அதற்குப் பிறகு என் சலம் என் சொல்லுக் கேட்பதில்லை. இருமினால் சிந்தும், தும்மினால் சிந்தும், சைக்கிளில் இருந்து இறங்கினால் சிந்தும். வருகிறது என்று தெரிந்து எழும்புவதற்குள் பாதி வந்துவிடும். இறங்குதுறையில் வெயிலில் நிற்க வேண்டும், சோதனைக்கு நிற்க வேண்டும், பிறகு லோஞ்சு, அந்தக் கரையில் திரும்பவும் சோதனை. ஆண்கள் லோஞ்சின் பின்பக்கம் போய்க் கடலைப் பார்த்து நின்றால் காரியம் முடிந்தது. நாங்கள் எங்கே போவது? ஆகவே குடிக்காமல் இருந்து பழகினேன்.

வளவை அளக்க நான் கிணற்றடிக்குப் போகவில்லை. உங்கள் வீட்டுக் கக்கூசு அங்கேதான் இருக்கிறது என்பதை உன் புருஷனுக்கு ஞாபகப்படுத்து. போய்க் குந்தினால் இரண்டு சொட்டுத்தான் வரும், அதுவும் மிளகாய்த்தூள் போட்டதுபோல எரியும். எழும்பி வந்து கதிரையில் இருந்தால் திரும்பவும் போக வேண்டும்போல இருக்கும். நீ நீட்டிய செம்பை நான் எப்படிப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது.

இனி அதன் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். ஜெஸீமாவைத் தவிர யாருக்கும் இதைச் சொல்லவில்லை.

வெளியில் போகும்போது பழைய பருத்திச் சேலையைக் கிழித்து, நாலாக மடித்து உள்ளே வைத்துக் கட்டிக்கொண்டு போவேன். அன்று உன் வீட்டிலிருந்து திரும்பி, திருகோணமலை இறங்குதுறையில் பெண்களைச் சோதிக்கிற தென்னங்கிடுகு மறைப்புக்குள் போனேன். ஒரு சின்னப் பெண் பொலிஸ். அவள் கை என் இடுப்புக்குக் கீழே வந்து அந்தத் துணிக்கட்டில் நின்றது. அவளுடைய முகம் வெளுத்துப்போயிற்று. குண்டு கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். கையை எடுத்துக்கொண்டு வெளியே பாய்ந்து கத்தினாள். வரிசையில் நின்ற சனத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். ஆமிக்காரர் துவக்கை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பிறகு வயது கூடிய இன்னொரு பொம்பிளைப் பொலிஸ் வந்து, கையைக் காட்டி, எடுத்து வெளியில் வை என்றாள். எடுத்தேன். மேசையில் வைத்தேன். ஈரமாக இருந்தது. சின்னவள் அதை ஒரு தடியால் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பயம் தெளிந்த சிரிப்பாக இருக்கலாம், எனக்குத் தெரியாது. மூத்தவள் அவளைத் தடுக்கவில்லை. கிடுகு மறைப்பில் ஓட்டைகள் இருந்தன. வரிசையில் என்னிடம் படித்த பிள்ளைகளின் தாய்மார் நின்றார்கள்.

முப்பது வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றவள் நான், கமலா. அன்றைக்கு ஈரச்சேலையோடு லோஞ்சின் மூலையில் குனிந்துகொண்டு இருந்தேன். அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் காத்திருந்த அந்த வெள்ளிக்கிழமை நான் வீட்டில் இருக்கவில்லை. மூதூர் இறங்குதுறைக்கு வந்து வரிசையிலும் நின்றேன். சோதனை மறைப்பு கண்ணில் பட்டதும் கால் நகரவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

காய்ச்சல் என்று சொன்னதும் பொய்யல்ல. குளிரும், நடுங்கும், முதுகுப்புறம் நோகும். இங்கே டிஸ்பென்சரியில் அப்போதிக்கரி குளிசை தருவார். மருந்து இந்தப் பக்கத்துக்கு ஒழுங்காக வருவதில்லை என்பதால், எரிவு நின்றதும் மிச்சக் குளிசையை அடுத்த தரத்துக்கு என்று எடுத்து வைத்துவிடுவேன். இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் மாதம் தவறாமல் திரும்ப வருகிறது. அயலில் உள்ளவர்கள் சூடு என்கிறார்கள்; நற்சீரகத் தண்ணீர் குடித்தேன், இளநீர் குடித்தேன். டொக்டரிடம் ஏன் போகவில்லை என்று நீ கேட்பாய். கலியாணம் கட்டிய புதிதில் பெட்டைகளுக்கு வருகிற வருத்தம் என்றுதான் இதை எல்லோரும் சொல்கிறார்கள். கலியாணமே கட்டாத ஐம்பத்துமூன்று வயது டீச்சர் இதைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது?

பாதி வீட்டை யாருக்குக் கொடுக்கப் போகிறேன் என்று கேட்டாய். வதனிக்கு. அதை முதலே சொல்லிவிட்டேன்.

ராசமலர்


பாலையூற்று,
திருகோணமலை.
20.06.1998

என்ரை அக்கா,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வதனி வந்து கதவைத் தட்டினாள். அவளிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவள் வாசித்து முடித்துவிட்டு, "பெரியம்மாவை டொக்டரிட்டக் காட்டுற வேலையைப் பாருங்கோ, அழுறதைப் பிறகு பாப்பம்" என்றாள். அச்சு அசல் உங்கள் பேச்சுத்தான்.

நான் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டேன். அதை இங்கே திரும்ப எழுதவும் கை கூசுகிறது. 

அடுத்த நாளே பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். புதிதாக ஒரு லேடி டொக்டர் வந்திருக்கிறா, தமிழ்ப் பெண். உங்கள் பேரைச் சொல்ல வேண்டாம் என்று, உங்கள் உபத்திரவம் எல்லாவற்றையும் எனக்கு என்று சொன்னேன். எரிவு, சிந்துவது, காய்ச்சல், ஒன்றும் விடவில்லை. அவ கவனமாகக் கேட்டு எழுதிவிட்டு, தீட்டு நின்று எவ்வளவு காலம் என்றா. இரண்டு வருஷம் என்றேன். உடனே என் கையில் ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்துச் சலம் எடுத்து வரச் சொல்லிவிட்டா! எடுத்துக் கொடுத்தேன், வேறு என்ன செய்ய? பரிசோதித்துவிட்டு, "உங்களுக்கு ஒண்டும் இல்லையே அம்மா, சலம் கண்ணாடி மாதிரிக் கிடக்கு" என்றா. பிறகு மெல்லச் சிரித்து, "ஆருக்கு?" என்று கேட்டா. அக்காவுக்கு என்று சொன்னேன். நான் முதல் ஆள் இல்லையாம். தங்கச்சிக்கு, மச்சாளுக்கு, பக்கத்து வீட்டுக்கு என்று கிழமைக்கு இரண்டு பேர் வருகிறார்களாம். வருத்தக்காரி மட்டும் வருவதில்லையாம்.

அவ சொன்னதை விளங்கியபடி எழுதுகிறேன். தீட்டு நிற்கிறபோது உடம்பில் ஈஸ்ட்ரஜன் என்ற சுரப்பு குறைந்துவிடுமாம். அதனால் சலம் போகிற வழியிலும் பிறப்புறுப்பிலும் தோல் மெலிந்து வறண்டு போகுமாம். கிருமி பிடிக்க அது வசதி. தாங்கிப் பிடிக்கிற தசைகளும் தளர்வதால் சிந்துமாம். கலியாணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லையோ என்று கேட்டேன். "கட்டினதோ கட்டாததோ உடம்புக்குத் தெரியாது அம்மா, வயசுதான் தெரியும்" என்றா.

தண்ணீர் குடிக்காமல் இருப்பது எரிகிற வீட்டுக்குள் விறகு அடுக்குவதுபோல என்றா. சலம் போகப் போகத்தான் கிருமியும் வெளியே போகுமாம். அடக்கி வைப்பதும் கூடாது. ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்று சும்மாவா சொன்னார்கள் என்று நான் சொல்ல, அவ சிரித்துவிட்டா. ஆனால் பாதிக் குளிசையை எடுத்து வைக்கிற கதைக்கு அவ சிரிக்கவில்லை. பேனையைக் கீழே வைத்துவிட்டா. அப்படிச் செய்தால் கிருமி சாகாதாம், மருந்துக்குப் பழகிவிடுமாம். குளிரும் முதுகு நோவும் இருக்கிறதென்றால் சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம், உடனே கூட்டி வாருங்கள் என்றா. சலத்தை லோஞ்சில் அனுப்பலாமோ என்று கேட்டேன். வந்து சேர்வதற்குள் பழுதாகிவிடும், ஆள்தான் வர வேண்டும் என்றா.

உறுதி அலுவலைப் பற்றி யோசிக்க வேண்டாம். நொத்தாரிசின் காலில் விழுந்தாவது அவரை நான் மூதூருக்குக் கூட்டி வருகிறேன். அவர் வரமாட்டேன் என்றால் கலியாணத்தைத் தள்ளிப் போடுகிறேன். வைத்தியத்துக்குத்தான் என்ன வழி என்று தெரியவில்லை. இவரிடம் கடிதத்தைக் காட்டவில்லை. கக்கூசு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

உங்கள்
கமலா


சேனையூர்,
மூதூர்.
29.06.1998

கமலா,

நொத்தாரிசைக் கூட்டி வர வேண்டாம். அந்த மனிதருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. சத்தி எடுத்து உறுதியை நனைத்துவிடுவார். கலியாணத்தைத் தள்ளவும் வேண்டாம். நானே வருகிறேன்.

உன் டொக்டர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் விட, மருந்துக்குக் கிருமி பழகிவிடும் என்றதுதான் என் மண்டையில் ஏறியது. இரண்டு வருஷமாக நானே கிருமிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதுவும் என் மாணவர்களைவிட நன்றாகப் படித்திருக்கிறது.

இரண்டு நாளாகத் திரும்பவும் காய்ச்சல். எடுத்து வைத்த குளிசை இருக்கிறது, தொடவில்லை. தண்ணீர் குடிக்கிறேன். குடிக்கக் குடிக்க எரிவு குறைகிறது, ஓட்டம் கூடுகிறது. வகுப்பை விட்டு அடிக்கடி வெளியே போவதைப் பார்த்துப் பிள்ளைகள் தங்களுக்குள் பார்த்துக்கொள்கிறார்கள். பார்க்கட்டும்.

ஜெஸீமா என்னோடு வருகிறா. அவவுக்குச் சிங்களம் தெரியும். சோதனை மறைப்புக்குள் எனக்கு முன்னால் அவ போவா. பயம் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். அடுத்த திங்கட்கிழமை லோஞ்சு ஓடினால் அதில் வருகிறேன். உன் புருஷனை இறங்குதுறைக்கு அனுப்பாதே, நீ வா. ஒரு மாற்றுச் சேலை கொண்டு வா.

ராசமலர்


பாலையூற்று,
திருகோணமலை.
16.07.1998

அன்புள்ள அக்கா,

நீங்கள் போய் ஒரு கிழமைகூட ஆகவில்லை, வீடு வெறிச்சென்று இருக்கிறது. நீங்கள் படுத்த அறையில் வதனி தன் உடுப்புகளைப் பரப்பி வைத்திருக்கிறாள்.

உறுதி பதிவாகிவிட்டது. அருளம்பலத்தார் தானே வந்து பார்த்தார். நீங்கள் காய்ச்சலோடு வந்து கையொப்பம் வைத்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்தீர்கள் என்று நொத்தாரிசு சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் உறுதியை மடித்து வைத்துவிட்டு, "நான் அந்த அம்மாவைப் பற்றிச் சரியில்லாமக் கதைச்சுப் போட்டன்" என்றார். நானும் அப்படித்தான் கதைத்தேன் என்று சொல்லத் தைரியம் வரவில்லை. பொன்னுருக்கு ஆடிக் கடைசி கழிந்து, ஆவணி பிறந்ததும். அதற்கு அடுத்த கிழமை கலியாணம்.

டொக்டரிடமும் போய் வந்தேன். உங்கள் சலத்தில் வளர்ந்த கிருமியின் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. நீங்கள் எடுத்து வைத்து எடுத்து வைத்துப் போட்ட அந்தக் குளிசைக்கு அது சாகவே இல்லையாம். இப்போது தந்திருக்கிற மருந்துக்குத்தான் சாகிறதாம். எரிவு நின்றாலும், காய்ச்சல் நின்றாலும், கடைசிக் குளிசை வரை போட வேண்டும் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்காத குறை. பிறகு ஒருக்கால் சலத்தைத் திரும்பப் பார்க்க வேண்டுமாம்.

டொக்டர் எழுதித் தந்த, உள்ளே பூசுகிற கிறீம் கொழும்பில் கிடைத்துவிட்டது. இவருடைய துறைமுகக் கந்தோர் நண்பர் ஒருவர் கொண்டுவந்தார். முகத்துக்கு என்று சொல்லி வாங்குவித்தேன். ஜெஸீமா டீச்சரிடம் இதோடு கொடுத்துவிடுகிறேன். தோல் பழையபடி தேற மாதக்கணக்காகும், பொறுமை வேண்டும் என்றா. தசையை இறுக்கி விடுகிற பயிற்சியை மறக்க வேண்டாம். வகுப்பில் நின்றபடியே செய்யலாம், ஒருவருக்கும் தெரியாது.

திரும்பிப் போன பயணம் எப்படி? இறங்குதுறையில் உங்களோடு உள்ளே வர என்னை விடவில்லை. வெளியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுநேரமாக நீங்கள் வெளியே வராததில் என் நெஞ்சு இடித்துக்கொண்டிருந்தது. பிறகு லோஞ்சில் ஏறுவதைக் கண்டேன். கை காட்டினீர்கள். உள்ளே என்ன நடந்தது?

கமலா


சேனையூர்,
மூதூர்.
27.07.1998

கமலா,

கிறீம் வந்தது. முகத்துக்குப் பூசவில்லை. உன் புருஷனின் நண்பர் கேட்டால் நிறம் வெளுத்துவிட்டது என்று சொல்.

குளிசை முடிந்துவிட்டது. ஒன்றும் எடுத்து வைக்கவில்லை. எரிவு இல்லை, காய்ச்சல் இல்லை. முதுகும் நோகவில்லை. சிந்துவது இன்னும் இருக்கிறது, ஆனால் முந்திய அளவுக்கு இல்லை. கணிதப் பாடம் நடக்கும்போது பயிற்சியும் நடக்கிறது. ஒரு கணக்கைச் செய்யக் கொடுத்துவிட்டு நானும் என் கணக்கைச் செய்கிறேன்.

உள்ளே என்ன நடந்தது என்று கேட்டாய். அதே மறைப்பு, அதே மேசை. ஒரு புதுப் பெண்ணும் அந்த மூத்தவளும் நின்றார்கள். மார்ச்சில் சிரித்தவள் அங்கே இல்லை. அவளைச் சிரிக்க விட்டுவிட்டு நின்றவள்தான் இந்த மூத்தவள். ஜெஸீமா முதலில் போனா. என் முறை வந்தது. புதுப் பெண் கையை நீட்டுவதற்கு முதலே, வகுப்பில் கடைசி வாங்குப் பிள்ளை வரை கேட்கிற குரலில் சொன்னேன்: "பிள்ளை, உள்ளுக்குத் துணி இருக்கு. எனக்குச் சலம் சிந்துது. வயசு போனா உனக்கும் சிந்தும். எடுத்துக் காட்ட மாட்டன். தொட்டுப் பார்." ஜெஸீமா அதைச் சிங்களத்தில் சொன்னா. பின்வரிசையில் யாரோ ஒரு பெண் "எனக்கும் இருக்கு, என்னையும் கேளுங்கோ" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. யார் என்று இன்றுவரை தெரியாது.

புதுப் பெண் மூத்தவளைப் பார்த்தாள். மூத்தவள் அவளை வெளியே போய் நிற்கச் சொல்லிவிட்டு, கிடுகைச் சரியாக இழுத்து மூடினாள். என்னை இனி என்ன செய்யப் போகிறாளோ என்று நினைத்தேன். அவள் என்னைத் தொடவே இல்லை. ஜெஸீமாவிடம் மெதுவாக ஏதோ கேட்டாள். ஜெஸீமா என் முகத்தைப் பார்த்தபடி, "டீச்சர், நீங்க என்ன மருந்து போடுறீங்க எண்டு கேக்கிறா" என்றா. எனக்கு விளங்கவில்லை. அந்தப் பெண் தன் சீருடைப் பட்டிக்குக் கீழே கையை வைத்துக் காட்டி, "மட்டத்" என்றாள். எனக்கும் என்று அர்த்தமாம். காலையிலிருந்து பொழுது படும்வரை அந்த மறைப்புக்குள் நிற்கிறாள். அவர்களுக்கும் அங்கே போக இடமில்லை. அவளும் தண்ணீர் குடிப்பதில்லையாம். குளிசை போட்டாளாம், எரிவு நின்றதும் நிறுத்திவிட்டாளாம்.

அவளை மன்னித்தேனா என்று கேட்காதே. அந்த மேசையை நான் மறக்க மாட்டேன். ஆனால் கிருமிக்கு அதெல்லாம் தெரியாதே. டொக்டர் இருக்கிற வாட்டு எது, என்ன நாள் போக வேண்டும் என்று சொன்னேன். தண்ணீர் குடிக்கச் சொன்னேன். குளிசையைப் பாதியில் விட வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லுவித்தேன். அதில்தான் நேரம் போயிற்று. நீ வெளியில் நின்று நெஞ்சிடி வாங்கியதற்கு அதுதான் காரணம்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், உள்ளே வைத்திருந்தால் அதுவும் கிருமிதான். யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று நீ எழுதிய வரி எனக்கு நொந்தது. சலக்கடுப்பு ஒரு மருந்தில் மாறிவிட்டது, அது இன்னும் மாறவில்லை. நீ இறங்குதுறையில் சேலையோடு நின்றாய், ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டு படுத்தாய், எல்லாவற்றையும் பார்த்தேன். ஆனாலும் நோகிறது. நானும் தவறு செய்தவள்தான். இருமினால் சிந்துகிறது என்று கூடப்பிறந்தவளுக்குச் சொல்ல இரண்டு வருஷம் எடுத்தேன். சொல்லாததை நீ எப்படி அறிவாய்? மெல்ல மெல்ல மாறும். மாறும்வரை நான் வராமல் இருக்கப் போவதில்லை.

கலியாணத்துக்கு முதல் நாளே வருகிறேன். வந்ததும் தண்ணீர் கேட்பேன், வதனியைத் தயாராக நிற்கச் சொல். மண்டபத்தில் என்னைப் பெரியம்மா என்று முன்வரிசையில் நடுவில் இருத்திவிடாதே. கரையில், கதவுக்குக் கிட்ட ஒரு கதிரை போட்டு வை. தாலி கட்டுகிற நேரத்தில் நான் அங்கே இருப்பேன். மற்ற நேரம் நீ திரும்பிப் பார்க்கும்போது அந்தக் கதிரை வெறுமையாக இருந்தால், அக்கா கோபித்துக்கொண்டு போய்விட்டா என்று நினைக்காதே.

உன் அக்கா
ராசமலர்